பணியும் படைப்பும்: வெளிப்புலம் தரும் ஊற்று

எழுதுவதற்கு நேரமில்லை என்னும் முறையீடு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒன்றாகும். தமிழில் எழுதி, அந்த வருவாயைக் கொண்டே குடும்பம் நடத்துவோர் இவ்விரு நாடுகளிலும் மிக அரியர். இரவில் எழுதுகோல் பிடிக்கும் கை, பகலில் பாடம் எழுதிய கையாகவோ அலுவலகக் கோப்பைப் புரட்டிய கையாகவோ இருந்துவருகிறது. ஆசிரியர்களை எடுத்துக்கொண்டால் பாடத் திட்டம், பயிற்சி ஏடு திருத்தம், புறப்பாட நடவடிக்கை, கூட்டம், அறிக்கை என ஒன்றன்பின் ஒன்றாக வந்து நாளை விழுங்கிவிடுகின்றன. இருபது வயதில் கதையும் கவிதையும் எழுதிப் பெயர் பெற்ற ஆசிரியர் பலர், நாற்பதை எட்டும்போது வாழ்த்துப்பா மட்டும் எழுதுவோராகச் சுருங்கிவிடுவதை இலக்கிய அன்பர்கள் அறிவர்.

இதற்குக் காரணம் நேரமின்மை ஒன்றேதானா? நேரம் கிடைத்துவிட்டால் ஊற்று மீண்டும் சுரக்குமா? அல்லது நேரத்தோடு வேறொன்றும் கைநழுவிப் போகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது பயனுடையதாகும். ஏனெனில், நோயின் காரணத்தைப் பிறழ உணர்ந்தால் மருந்தும் பிறழ்ந்துவிடும்.

தொழிலும் புலமையும்

முழுநேரப் பணியும் படைப்பும் ஒருவரிடத்தே ஒன்றி வாழ இயலாது என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதியது. சங்கத் தொகை நூல்களில் காணப்படும் புலவர் பெயர்களே இதற்குச் சான்றாகும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயர் தானிய வணிகத்தைச் சுட்டுகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயர் துணி வணிகத்தைக் காட்டுகிறது. மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்னும் பெயர்களில் பொற்கொல்லரும் மருத்துவரும் தோன்றுகின்றனர். நக்கீரனார் மதுரைக் கணக்காயனார் மகனார் எனப்படுகிறார். கணக்காயர் என்பார் ஆசிரியர் ஆவார்.

கடைத்தெருவும் பட்டறையும் நிறைந்த மதுரை, உறையூர் ஆகிய நகரங்களோடு தொடர்புடைய பெயர்கள் இவை. இப்புலவர்களின் பாடல்களோ மலைச்சாரலையும் முல்லைக் காட்டையும் நெய்தல் மணலையும் நுணுகிக் காட்டும் திணை மரபில் அடங்கியவை. அறுவை வாணிகனாரின் பாடல்கள் அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு ஆகிய தொகைகளில் இடம்பெற்றுள்ளன. துணியை அளந்த கை திணையையும் அளந்திருக்கிறது. முதல், கரு, உரி எனத் தொல்காப்பியம் வகுத்த முறை, நிலத்தையும் பொழுதையும் கூர்ந்து நோக்காதவனால் கையாளத்தக்கதன்று. ஆகவே தொழிலுக்கும் வெளிப்புலத்துக்கும் படைப்புக்கும் இடையே ஒரு வழி அக்காலத்தே திறந்திருந்தது எனக் கொள்ளலாம்.

ஓய்வே மருந்தாகுமா?

பணியிலிருந்து விடுதலை கிடைத்தால் எழுத்து தழைக்கும் என்னும் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஆங்கில இலக்கிய வரலாறு இரண்டு சான்றுகளைத் தருகிறது.

கட்டுரையாளர் சார்லஸ் லாம் 1792 முதல் 1825 வரை 33 ஆண்டுகள் இலண்டனில் கிழக்கிந்தியக் குழுமத்தில் கணக்கராகப் பணிபுரிந்தவர். தம்முடைய உண்மையான நூல்கள் அக்குழுமத்தின் அடுக்குகளில் இருக்கும் கணக்கேடுகளே என்று அவர் வேடிக்கையாக எழுதியதுண்டு. அவர் புகழுக்குக் காரணமான எலியா கட்டுரைகள், அவர் அந்த மேசையில் அமர்ந்திருந்த காலத்தில் 1820 முதல் வெளிவரத் தொடங்கி, 1823இல் நூலாயின. 1825இல் ஓய்வு பெற்றதும், ஓய்வு பெற்றவனின் திகைப்பையே பொருளாகக் கொண்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். கை நிறைய நேரம் வந்ததும் அதை எங்கே வைப்பது என்று அறியாமல் தடுமாறும் மனிதனை அக்கட்டுரை காட்டுகிறது. ஓய்வு அவருக்குப் புதியதோர் எழுத்து வாழ்வைத் திறந்துவிடவில்லை.

வேர்ட்சுவர்த்தின் கதை மறுபுறமானது. மலைநாட்டில் நடந்து நடந்தே கவிதை இயற்றியவர் அவர். 1813இல் வெசுட்மோர்லாந்து வட்டாரத்தின் முத்திரைத்தாள் வழங்கும் அலுவலர் ஆனார். அதன் பிறகு அவர் கவிதையின் வலிமை குன்றியது என்றும் பணியே அதற்குக் காரணம் என்றும் கூறிவிடுவது எளிது. ஆனால், திறனாய்வாளர் பலர் போற்றும் அவருடைய சிறந்த கவிதைகள் 1798க்கும் 1807க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் எழுந்தவை. பணி வருவதற்கு ஆறாண்டு முன்னரே அந்த அலை தணியத் தொடங்கிவிட்டது. பணி மட்டும் ஊற்றை அடைப்பதில்லை. ஓய்வு மட்டும் ஊற்றைத் திறப்பதுமில்லை என்பதே இவ்விருவர் வாழ்வும் உணர்த்தும் உண்மையாகும்.

லாம் பற்றி இன்னுமொன்று குறிப்பிடத்தக்கது. மலைநாட்டுக்கு வருமாறு வேர்ட்சுவர்த் அழைத்தபோது, வாழ்நாளில் ஒரு மலையையும் காணாது போனாலும் தமக்குக் கவலையில்லை என்ற கருத்தை 1801இல் அவர் மடலில் எழுதினார். இலண்டன் தெருக்களின் விளக்கும் கடையும் கூட்டமுமே அவருக்கு வெளிப்புலமாக அமைந்தன. ஆகவே வெளிப்புலம் என்றதும் கேமரன் மலையையோ கடற்கரை விடுதியையோ நினைக்க வேண்டுவதில்லை. கூரையையும் மேசையையும் விட்டு நீங்கிய எவ்விடமும் வெளிப்புலமே.

வழிநடையே பட்டறை

பணியை விடாமல் வெளிப்புலத்தால் எழுத்தைப் புதுப்பித்துக்கொண்டோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஆந்தனி திரோலோப். 1834இல் பிரிட்டன் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்த இவர், 1867 வரை அப்பணியில் இருந்தார். 47 நாவல்கள் இவர் பெயரில் உள்ளன. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுதத் தொடங்குவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்ற அளவில் எழுதுவார் என்று அவருடைய தன்வரலாறே கூறுகிறது. தமிழாசிரியர்க்கு நேர ஒழுங்கைப் போதிக்க விரும்புவோர் பெரும்பாலும் இச்செய்தியோடு நின்றுவிடுவர்.

ஆனால், அந்த விடியற்காலைகளில் எழுதுவதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதே முதன்மையான வினா. 1851 முதல் தென்மேற்கு இங்கிலாந்தின் சிற்றூர்களில் அஞ்சல் சேரும் வழிகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குதிரைமீது ஊர் ஊராகச் சென்று, எந்தப் பண்ணை வீட்டுக்கு எவ்வழியே மடல் செல்லவேண்டும் என்று அளந்தார். அப்பணியின் போக்கில் சால்சுபரி நகருக்கு வந்தவர், ஒரு கோடைக்கால மாலையில் அங்குள்ள பேராலயத்தைச் சுற்றி உலவுகையில் ‘வார்டன்’ என்னும் நாவலின் கருவைக் கண்டார். 1855இல் வெளிவந்த அந்நாவலே அவரைப் பெயர் பெற்ற எழுத்தாளர் ஆக்கியது. அதைத் தொடர்ந்து ஒரு முழு வட்டாரமே அவர் நாவல் வரிசையில் உருப்பெற்றது. விடியற்காலை மேசை அறுவடைக் களம். விளைநிலமோ அலுவல் அழைத்துச் சென்ற வழி.

அமெரிக்கக் கவிஞர் வாலசு சிடீவன்சு 1916இல் ஆர்ட்போர்டு நகரத்துக் காப்புறுதி நிறுவனமொன்றில் சேர்ந்து, 1934இல் அதன் துணைத் தலைவருள் ஒருவரானார். 1955இல் மறையும்வரை அந்நிறுவனத் தொடர்பை அவர் விடவில்லை. கார் ஓட்டக் கற்காத அவர், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலிருந்த ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவை நடந்தே கடப்பது வழக்கம். அந்நடையில் அடிகளை மனத்தில் கோத்துக்கொண்டு வருவார். பணிக்கு அப்பால் தனியாக நேரம் தேடாமல், பணிக்குச் செல்லும் வழியையே அவர் தம் பட்டறை ஆக்கிக்கொண்டார். நாள்தோறும் அதே வழி, அதே மரங்கள், அதே பூங்கா. புதுமை இடத்தில் இல்லை, பார்வையில் இருந்தது.

இரு ஆசிரியர்கள்

ஆசிரியர்க்கு இன்னும் நெருக்கமான சான்று ஜப்பானியக் கவிஞர் கெஞ்சி மியாசாவா. 1921 இறுதி முதல் 1926 வரை அவர் அனாமக்கி ஊரில் வேளாண்மைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். மண்ணியல் பயின்ற அவர், வயலிலும் மலையிலும் கையில் குறிப்பேட்டுடன் அலைந்தார். தாம் எழுதியவற்றைக் கவிதை என்று அழைக்க விரும்பாமல், மனத்தில் தோன்றியதை அவ்வாறே வரைந்த கோட்டோவியங்கள் என்ற பொருளில் பெயரிட்டார். ஒவ்வொன்றின் கீழும் நாளைக் குறித்தார். அவற்றுள் நெடியதொன்று, 1922ஆம் ஆண்டு மே மாதம் கொயிவாய் என்னும் பண்ணையை நோக்கி நடந்த ஒரு நாள் நடையைக் காலடி காலடியாகப் பின்பற்றுகிறது. 1924இல் அவர் வாழ்நாளில் வெளிவந்த இரண்டு நூல்களும் அவர் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிவந்தன.

1926இல் அவர் ஆசிரியப் பணியை விட்டு, உழவரோடு உழவராக வாழச் சென்றார். அம்முடிவின் நோக்கம் உயர்ந்தது. அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் கடும் உழைப்பால் 1928இல் அவர் உடல் நலிந்தது. 1933இல், 37ஆம் வயதில் மறைந்தார். வெளிப்புலத்தில் முழுதும் மூழ்குவது வேறு; பணிக்கிடையே வெளிப்புலத்தைச் சென்று தொட்டு மீள்வது வேறு என்பதை இவ்வாழ்வு எண்ணிப் பார்க்க வைக்கிறது.

மற்றோர் ஆசிரியர் தமிழர் அனைவரும் அறிந்தவர். பாவேந்தர் பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை 37 ஆண்டுகள் புதுவைப் பகுதியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவருடைய ‘அழகின் சிரிப்பு’ 1944இல் வெளிவந்தது. அஃதாவது, ஓய்வு பெற்ற பின் அமைதியாக அமர்ந்து எழுதிய நூலன்று அது. பணியின் முப்பத்தைந்தாம் ஆண்டில் இருந்த ஓர் ஆசிரியரின் நூல்.

அந்நூலின் அமைப்பு கருதத்தக்கது. கடல், தென்றல், காடு, குன்றம், ஆறு என்று தொடங்கும் தலைப்புகள், சிற்றூர், பட்டணம் என்பனவற்றையும் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. முதற்பாட்டு, அழகை இளங்கதிரிலும் கடற்பரப்பிலும் மட்டும் காட்டி நிற்கவில்லை. மலர் தொடுக்கும் பெண்ணின் விரல் வளைவிலும் கலப்பையைத் தோளில் தாங்கிச் செல்லும் உழவனின் நடையிலும் அழகு குடிகொண்டிருப்பதைக் காட்டுகிறது. தொழில் செய்யும் மனிதரை விலக்கிவிட்டு இயற்கையைப் பாடும் வழக்கத்திற்கு இது நேர்மாறானது. முப்பத்தைந்து ஆண்டுகள் நாள்தோறும் வேலைக்குச் சென்ற மனிதர்க்கே வேலை செய்வோரின் நடையிலுள்ள அழகு கண்ணில் படும் என்று சொன்னாலும் பிழையாகாது.

நடை தருவதும் தராததும்

வெளியே சென்று உலவினால் கவிதை வந்துவிடும் என்று இவற்றால் முடிவுகட்டலாகாது. மூன்று தடைகளை இங்கு எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, நடை தருவது எழுத்தன்று. எழுத்துக்கு உரிய கருப்பொருளே. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. அமர்ந்திருக்கும்போது தோன்றுவதைவிட, நடக்கும்போது மாந்தர்க்குப் புதிய எண்ணங்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன என்று அவர்கள் கண்டனர். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி உள்ளரங்கப் பொறிமீது நடந்தவர்களிடத்தும் இது நிகழ்ந்தது. ஆனால், ஒரே சரியான விடையைத் தேடவேண்டிய வினாக்களுக்கு நடை அவ்வாறு துணைசெய்யவில்லை. ஆகவே நடை மனத்தின் கட்டை அவிழ்க்கும். சொல்லைத் தேர்ந்து அடியைச் செப்பம் செய்யும் வேலைக்கு மேசையே வேண்டும். திரோலோப்பின் கடிகாரத்தை மறந்து அவர் குதிரையை மட்டும் போற்றுவதும் பிழை. குதிரையை மறந்து கடிகாரத்தை மட்டும் போற்றுவதும் பிழை.

இரண்டாவது தடை ஆழமானது. வெளிப்புலமே புத்துயிர் தருமாயின், விடியும் முன்னரே பெரட்டுக்குச் சென்று பால்வெட்டும் தோட்டத் தொழிலாளி அல்லவா பெருங்கவிஞராக இருக்கவேண்டும்? வெளிக்காட்டு வேலையில் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் பெண்களன்றோ காவியம் பாடியிருக்க வேண்டும்? அவர்கள் பாடவில்லை என்பதன்று. தோட்டப்புறத்து நாட்டுப்பாடல்களில் அவர்கள் துயரம் ஒலிக்கவே செய்தது. ஆயினும் அவர்களுக்கு அந்த நிரைகள் பணிமனை. நிரைக்கு நிரை எண்ணிக்கையும் எடையும் மேற்பார்வையும் உள்ள பணிமனை. ஆசிரியர்க்கு வகுப்பறை எதுவோ, பால்மரக்காடு தொழிலாளிக்கு அதுவே. எனவே புத்துயிர் தருவது பச்சை நிறமன்று. கணக்கும் கட்டளையும் சற்றே விலகி, கண் தன் விருப்பப்படி பார்க்கக் கிடைக்கும் பொழுதே அதைத் தருகிறது. வெளிப்புலம் அப்பொழுதை எளிதாக்குகிறது, அவ்வளவே.

மூன்றாவது தடை, அப்பொழுது எல்லார்க்கும் ஒத்த அளவில் கிடைப்பதில்லை என்பதாகும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் பெண்கள் மிகப் பலர். பள்ளி முடிந்ததும் அவர்களை எதிர்நோக்கியிருப்பது மாலை உலா அன்று. அடுப்படியும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முதியோர் பணிவிடையும். ஆண் எழுத்தாளர் ஏரிக்கரையில் உலவிக் கவிதை கொண்டுவரும் மாலையில், அவர் வீட்டில் உலை கொதிக்க வேறொருவர் காத்து நிற்கிறார். இதனைச் சொல்லாமல் உலாவின் சிறப்பைப் பேசுவது நேர்மையாகாது. பெண் எழுத்தாளர் நாற்பதில் மௌனமாகிவிட்டார் என்று வருந்தும் இலக்கிய அமைப்புகள், அவர்க்கு அரைமணி நேர வெளியை யார் பறித்தனர் என்றும் வினவ வேண்டும்.

கண்ணால் காணாத குறிஞ்சி

இத்தடைகளை மனத்தில் கொண்டே, இந்நாடுகளின் இயற்கைக் கவிதைகளை நோக்கவேண்டும். கவியரங்குகளிலும் மலர்களிலும் இடம்பெறும் இயற்கைக் கவிதைகளுள் ஒரு பெரும்பகுதி, பார்த்து எழுதியனவல்ல, படித்து எழுதியன. குறிஞ்சி பூக்கிறது, வேங்கை மலர்கிறது, இளவேனில் வருகிறது, பின்பனி நடுக்குகிறது. நீலக்குறிஞ்சியோ மேற்குத் தொடர்ச்சி மலையில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. ஈப்போவிலும் கிள்ளானிலும் வாழும் கவிஞர் அதனைக் கண்டிருத்தல் அரிது. பின்பனிக் காலம் நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாடுகளுக்கு வருவதேயில்லை.

கார்காலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆவணியும் புரட்டாசியும் கார் என்பது தமிழகத்து மரபு. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் மழை மிகுவது, பருவக்காற்று திசைமாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஆகும். கிழக்குக் கரையில் பெருமழை நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும். ஆவணி, புரட்டாசியிலோ சில ஆண்டுகளில் மழைக்கு மாறாகப் புகைமூட்டம் வந்து கவிந்தது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் காட்டுத்தீயின் புகையால் வானம் மங்கிப் பள்ளிகள் மூடப்பட்ட பொழுதும், ஏட்டுக் கவிதையில் மட்டும் கார்மேகம் தவறாமல் சூழ்ந்திருக்கும்; தலைவி தவறாமல் காத்திருப்பாள். மரபைப் போற்றுவதன் பெயரால் நிகழும் இது, மரபுக்கே இழைக்கும் தீங்காகும். சங்கப் புலவர் தாம் வாழ்ந்த நிலத்தைப் பார்த்தனர். அவர் பார்த்ததைப் பார்க்காமலே திருப்பிச் சொல்வது அவர் வழியில் நடப்பதாகாது. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்திய கபிலரின் வழித்தோன்றல், தன் பள்ளி வேலியோரம் நிற்கும் ஒன்பது மரங்களின் பெயரை அறியாதிருத்தல் தகுமோ?

இந்நாட்டில் பாடுவதற்குப் பொருளில்லை என்பாரும் உளர். பால்மரம் ஒன்றையே எண்ணிப் பார்க்கலாம். பிரேசிலில் பிறந்து, 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த மரம் அது. அதுவும் கடல் கடந்து வந்த குடியே. ஆண்டின் தொடக்கத்தில் வறண்ட மாதங்களில் அதன் இலைகள் செம்மையும் மஞ்சளும் கலந்து நிறம் மாறி உதிரும்; மழைநாட்டில் இலையுதிர் காலத்தின் காட்சியைக் காட்டும் மரம் அது. முற்றிய காய் வெடித்து விதை தெறிக்கும் ஓசை, தோட்டத்தில் வளர்ந்த எவர் காதிலும் இன்றும் நிற்கும். ஆனால், இலை உதிரும் பருவத்தில் பால் குறையும். பால் குறைந்தால் தொழிலாளியின் வருவாயும் குறையும். வழிப்போக்கன் கண்ணுக்கு விருந்தாகும் அதே செந்நிறம், வெட்டுக்கத்தி பிடித்தவனுக்குப் பஞ்சத்தின் அறிவிப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கவிதையே இந்நாட்டுக்குரிய இயற்கைக் கவிதையாக நிமிர்ந்து நிற்கும். பல தோட்டங்களில் பால்மரம் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்ட இந்நாளில், அந்த ஓசையைக் கேட்டறிந்த தலைமுறை எழுதாது போனால் பின்வருவோர் எழுதுவதற்கு அது இராது.

வகுப்பறையில் விளையும் கேடு

ஆசிரியர் ஒருவர் எழுதாமல் போனால் ஒரு கவிதைத் தொகுப்புக் குறையும். அது சிறிய இழப்பு என்று சிலர் கருதலாம். பார்ப்பதை விட்டுவிட்ட ஆசிரியர் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் தமிழே பெரிய இழப்பாகும்.

காலைக் காட்சியை வருணிக்குமாறு மாணவரிடம் கூறினால், கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான், சேவல் கூவும், பறவைகள் இன்னிசை பாடும். அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியில் துயிலெழும் சிறுவனும் சேவல் கூவியதாகவே எழுதுவான். 1988 முதல் 2019 வரை நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக இத்தகைய அழகுத் தொடர்கள் தொகுத்து மனப்பாடம் செய்விக்கப்பட்டன. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பழக்கம் அதனோடு நீங்கியதாகத் தெரியவில்லை. மனப்பாடத் தொடரால் மதிப்பெண் பெற்ற மாணவன், தமிழ் என்பது தான் காண்பதைச் சொல்லும் மொழியன்று, பிறர் எப்போதோ கண்டதைச் சொல்லும் மொழி என்று தன்னையறியாமலே கற்றுக்கொள்கிறான். வளர்ந்தபின் தன் உண்மையான காட்சிகளையும் கவலைகளையும் வேறு மொழியில் பேசுகிறான். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை தமிழில் எழுதாமல் போவதற்குரிய காரணங்களுள் இஃது ஒன்றென உறுதியாகக் கூறலாம்.

இதற்கு மாற்று அரிதன்று. பல பள்ளித் திடல்களின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மாலையில் இலைகள் கூம்புவதைக் கண்ட தமிழ் மக்கள் அதனைத் தூங்குமூஞ்சி என்றனர். அதே காட்சியைக் கண்ட மலாய் மக்கள் ‘பூக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்றனர். இரு பெயர்களையும் இட்டவர்கள் புலவர்கள் அல்லர். வேலை முடிந்து திரும்பும் வழியில் அண்ணாந்து பார்த்த எளிய மக்கள். ஒன்றில் நகை இருக்கிறது; மற்றொன்றில் கடிகாரம் இருக்கிறது. உவமை பிறக்கும் முறையை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ? மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, கண்டதை ஐந்து வரியில் எழுதச் சொல்லி, ‘போல’ என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதே என்று விதித்துவிட்டால், மனப்பாடத் தொடர்கள் தாமே உதிர்ந்துபோகும். அவர்களோடு அமர்ந்து ஆசிரியரும் ஐந்து வரி எழுதலாம். அவர்க்கும் அது பணி நேரமே. படைப்பு நேரமும் அதுவே.

பணியும் படைப்பும் ஒன்றையொன்று தின்று வளர்வன என்ற எண்ணம் இவ்வாறு தளர்கிறது. அலுவலகத்திற்கு நடந்து செல்லும் 3 கிலோமீட்டர், அஞ்சல் வழியை அளக்கும் குதிரைப் பயணம், பள்ளி வேளையில் வயலில் எடுத்த குறிப்பு, முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியின் நடுவே கண்ட உழவனின் நடை ஆகியவை அனைத்தும் பணியின் ஓரத்தில் கிடந்த பொழுதுகளே. நீண்ட விடுமுறைக்குக் காத்திருந்தோர் அவற்றைப் பெறவில்லை. ஓரத்தைத் தவறவிடாதோரே பெற்றனர். வாழ்த்துப்பா எழுதும் நிலைக்குச் சுருங்கிவிட்ட எழுத்தாளர் மீள விரும்பினால், காப்பியத்திற்குத் திட்டமிடுவதற்கு முன், நாள்தோறும் தாம் கடந்து செல்லும் வழியில் நிற்கும் ஒரு மரத்தின் பெயரைக் கேட்டறியட்டும். பெயர் தெரிந்தபின் அது பூக்கும் மாதம் தெரியவரும். மாதம் தெரிந்தபின் அதன் நிழலில் நிற்போர் யார் என்பது தெரியவரும். அந்த மனிதரைப் பற்றி எழுதத் தொடங்கும் நாளில், நேரமில்லை என்ற சொல் எழுவதற்கு இடமிராது.